யாரும் குடிக்காத தேநீர்

போன மார்ச்சில் புதைத்தோம்
நூற்றிருபது தேநீர்ப் பைகள்,
எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில்.
ஒவ்வொன்றிலும் ஒரு நூல்,
நூல் முனையில் ஓர் எண்.
எந்த மண் எவ்வளவு தின்னும் என்றறிய
இதைவிட மலிவான வழி
எங்கள் ஆய்வகத்துக்குத் தெரியாது.

இந்த மார்ச்சில் தோண்டி எடுக்கப் போகிறோம்.
வண்டியோட்டி எவாரிஸ்தோ கூருமில்.
படகோனிய மலையடியிலிருந்து கிழக்கே
முந்நூறு கிலோமீட்டர்.
முப்பதுக்கு ஒரு தரம்
மழை நாலு விரற்கடை குறையும்.
காற்று மட்டும் குறையாது.

முதலில் லெங்கா மரக்காடு.
ஈரமாயிருக்கும் என்று
முழங்காலுக்கு ரப்பர் விரித்தேன்.
அப்பளம்போல் நொறுங்கிற்று சருகு.
பையை இழுத்தால் பாதிதான் வந்தது:
வலையெங்கும் பூஞ்சையின் வெள்ளை இழை,
உள்ளே ஒரு சிட்டிகை கரிய சேறு,
கலைத்ததற்குக் கோபித்துத்
துள்ளி ஓடிய ஒரு பூச்சி.
"சாப்பிட்டிருக்கிறது" என்றார் எவாரிஸ்தோ,
நோயாளியின் தட்டைப் பார்க்கும் செவிலியைப்போல.
"ஆனால் மிச்சம் வைத்திருக்கிறது.
முன்பெல்லாம் வைக்காது."

மறுநாள் மரம் கிடையாது.
நெனேயோ முட்புதர்கள்,
ஆள் குந்திய உயரம்.
காற்று அள்ளிப்போகும் மண்ணை வழிமறித்து
மடியில் போட்டுக்கொள்பவை.
அடியில் கை நுழைத்தேன், கீறிற்று, குளிர்ந்தது.
ஒரு முழம் தள்ளி வெட்டவெளியில்
அடுப்புக்கல்.
புதரடிப் பை கரைந்துகொண்டிருந்தது.
வெளியில் கிடந்தது
கடையில் வாங்கிய அன்றுபோல.

மூன்றாம் நாள் கொய்ரோன் புல்.
தூர் தூராய்ப் புல், நடுவில் வழுக்கை.
எதெல்மிரா ஹாரமிஷோவின் ஆடுகள்
நானூறு; ஆயிரத்து நூறாக இருந்தவை.
"என்ன தேடுகிறீர்கள்?"
மண்ணுக்குப் பசி இருக்கிறதா என்று, என்றேன்.
"ஆட்டுக்கு இருக்கிறது.
அதைக் கேட்டுவிட்டுப் போங்கள்."

எண்பத்தேழாம் பையின் நூலை
எண்ணோடு சேர்த்துத் தின்றிருந்தது அவள் ஆடு ஒன்று.
எண்ணில்லாத பை கணக்கில் சேராது.
எதெல்மிரா அதை வாங்கி, மண்ணைத் தட்டி,
தகரக் குவளையில் போட்டு வெந்நீர் ஊற்றினாள்.
நாங்கள் தடுக்கவில்லை.
நிறம் இறங்கிற்று.
மூவரும் மாறி மாறி ஒரு வாய்.
கொஞ்சம் தூசி, கொஞ்சம் இரும்பு,
மற்றபடி தேநீர்தான்.
ஒரு வருஷம் மண்ணுக்குள் கிடந்து
எந்த வாயும் படாத தேநீர்.
குவளை இரண்டாம் சுற்று வந்தபோது
அவள் கீழே ஊற்றிவிட்டாள்.
தரை அதையும்
உடனே குடிக்கவில்லை.
ஒரு கணம் மணியாய் உருண்டு நின்றது.

ஆய்வகத்தில் இரவு.
புனல்மேல் காகிதம், காகிதத்தில் மண்,
அடியிலிருந்து ஏறும் தண்ணீர்.
நூற்புழுக்கள் நீந்தி இறங்கும், எண்ணலாம்.
வறண்ட மண்ணில் அவை
நீரையெல்லாம் விட்டுக்கொடுத்து
கடிகாரச் சுருளாய்ச் சுருண்டிருப்பவை,
செத்தும் செத்ததாகாமல்.
மூன்று மணிக்குமேல் ஒவ்வொன்றாய் அவிழ்ந்தன.
காட்டுப் புழுக்களுக்கு இந்த வித்தை சரியாக வராது,
தண்ணீர் இருந்த வீட்டுப் பிள்ளைகள்.

நூறு கிராமுக்கு,
காட்டில் போன வருஷம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது,
இப்போது அறுநூற்றுப் பத்து.
புதரடியில் இருநூற்றுப் பன்னிரண்டு, நூற்றுத் தொண்ணூறு.
புல்லிடை வழுக்கையில் பதினொன்று,
மறுபடி பதினொன்று.
அந்தப் பதினொன்றா, வேறு பதினொன்றா
என்று கேட்க நுண்ணோக்கியில் இடமில்லை.
காட்டு மண்ணை மட்டும் திரும்ப எண்ணினேன்.
அறுநூற்று எட்டு வந்தது.

விடிகாலையில் படிவம் நிரப்பினேன்.
எண்பத்தேழாம் பை: இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
ஆடு என்று எழுதினேன்.
குடித்ததை எழுதவில்லை.